எம்சிம் பாசிட்டிவ், ஈசிம் நெகட்டிவ்: இந்தக் கிளெப்சியெல்லாவில் இருப்பது எந்த என்சைம்?

#1 காட்பாடி_பிளேட்

வணக்கம். மூன்று ஐசோலேட்டுகள் (நோயாளி மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமிகள்), மூன்றும் குழப்பம். எல்லாமே முல்லர்-ஹின்டன் அகார், 0.5 மெக்ஃபார்லாண்ட், 35 டிகிரி. ஸோன் (டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) அளவுகள் மி.மீ.யில்.

அ. ரத்தக் கல்ச்சர், கிளெப்சியெல்லா நிமோனியே. செஃபோடாக்ஸைம் 6, அதோடு கிளாவுலனேட் சேர்த்த டிஸ்க்கும் 6. செஃப்டாசிடைம் 6. மீரோபெனம் 9. எம்சிம் (கிருமி மீரோபெனம் என்ற கார்பபெனம் மருந்தை உடைக்கிறதா என்று பார்ப்பது) 6, ஈசிம் (அதையே ஈடிடிஏ சேர்த்துச் செய்வது) 8. கிளாவுலனேட்டால் ஒரு மி.மீ. கூடக் கூடவில்லை. அப்படியானால் ஈஎஸ்பிஎல் (செஃபலோஸ்போரின்களை உடைக்கும், கிளாவுலனேட்டுக்கு அடங்கும் என்சைம்) இல்லை, ஆக்ஸா-48 (கார்பபெனம்களை உடைக்கும் என்சைம்) மட்டும் என்று எழுதலாமா?

ஆ. சிறுநீர், ஈ.கோலை. மீரோபெனம் 6, அஸ்ட்ரியோனம் 8, எம்சிம் 6, ஈசிம் 20. இது என்டிஎம் (துத்தநாகத்தால் இயங்கி, கார்பபெனம்களை உடைக்கும் என்சைம்) என்று தெரிகிறது. ஆனால் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் டிஸ்க்கை அஸ்ட்ரியோனம் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் நடுவே ஸோன் விரியவே இல்லை.

இ. காயச் சீழ், என்டிரோபாக்டர் குளோயேக்கே. செஃபாக்ஸிடின் 6, செஃபோடாக்ஸைம் 6, செஃபிபைம் 22, எர்டாபெனம் 17, மீரோபெனம் 21. எம்சிம் முதல் முறை 17, மறுமுறை 21.

பிசிஆர் வசதி இல்லை. டிஸ்க்கும் ப்ராத்தும்தான் கையில். எப்படிப் படிப்பது?

#2 அகழி

அ-வில் ‘ஆக்ஸா-48 மட்டும்’ என்று எழுதாதீர்கள். உங்கள் எண்களே அதை மறுக்கின்றன.

ஆக்ஸா-48 வகை என்சைம்கள் பெனிசிலின்களை நன்றாக உடைக்கும், கார்பபெனம்களை மெதுவாக உடைக்கும், செஃப்டாசிடைமை ஏறக்குறைய தொடாது. அது தனியாக இருந்தால் செஃப்டாசிடைம் ஸோன் ஓரளவு நிற்க வேண்டும். உங்களுக்கு 6, அதாவது டிஸ்க்கின் விட்டமே. கூடவே சிடிஎக்ஸ்-எம்-15 என்ற ஈஎஸ்பிஎல் இருந்து செஃப்டாசிடைமை உடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கிளாவுலனேட் தடுத்திருக்கும். செஃபோடாக்ஸைம்-கிளாவுலனேட் ஸோன் 5 மி.மீ.யாவது கூடியிருக்கும். அதுவும் நடக்கவில்லை. கிளாவுலனேட்டுக்கு மசியாத, எல்லா செஃபலோஸ்போரின்களையும் தின்னும் இன்னொன்று உள்ளே இருக்கிறது. நம் ஊர்க் கிளெப்சியெல்லாவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது என்டிஎம்.

‘ஈசிம் நெகட்டிவ் ஆச்சே’ என்பீர்கள். ஈசிமில் ஈடிடிஏ துத்தநாகத்தைப் பிடுங்கி என்டிஎம்மை முடக்குகிறது. ஆக்ஸா-48 செரின் என்சைம், அதற்குத் துத்தநாகம் வேண்டாம். இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் என்டிஎம் முடங்கிய பிறகும் ஆக்ஸா 4 மணி நேரத்தில் மீரோபெனமை உடைத்து முடித்துவிடும், ஸோன் விரியாது. இரண்டு வகையும் சேர்ந்திருந்தால் ஈசிம் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம் என்று சிஎல்எஸ்ஐ (லேப் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) வழிகாட்டியே எச்சரிக்கிறது. இந்தியக் கிளெப்சியெல்லாவில் என்டிஎம்மும் ஆக்ஸா-48 வகையைச் சேர்ந்த ஆக்ஸா-181 அல்லது ஆக்ஸா-232ம் சேர்ந்து வருவது அபூர்வமே இல்லை. ஆகவே இங்கே ஈசிம் நெகட்டிவை ‘என்டிஎம் இல்லை’ என்று படிக்கக் கூடாது. ‘செரின் என்சைம் ஒன்றாவது இருக்கிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிரித்தறிய ஒரே ஒரு டிஸ்க் போதும்: செஃப்டாசிடைம்-அவிபாக்டம் 30/20. அவிபாக்டம் என்ற தடுப்பான் சிடிஎக்ஸ்-எம், கேபிசி, ஆம்ப்-சி, ஆக்ஸா-48 ஆகிய செரின் என்சைம்கள் எல்லாவற்றையும் அடைக்கும். என்டிஎம்மை மட்டும் தொடாது. 21 அல்லது அதற்கு மேல் வந்தால் நான் சொன்னது தவறு. 20 அல்லது கீழே, அதுவும் 6ஐ ஒட்டி வந்தால் என்டிஎம் ஒளிந்திருக்கிறது.

அதற்கு முன் ஒன்று: கல்ச்சர் சுத்தமா என்று பாருங்கள். ஆக்ஸா உள்ள ஒரு கிளெப்சியெல்லாவும் என்டிஎம் உள்ள இன்னொன்றும் கலந்திருந்தாலும் இதே படம்தான் வரும். மக்கான்கி பிளேட்டில் தனிக் காலனியாகப் பிரித்து, நான்கைந்து காலனியை வேறு வேறாகச் சோதிக்க வேண்டும்.

#3 சத்துவாச்சாரி_லேப்

அகழி சார் சொன்னது சரி. நான் இ-யில் வந்த 17ஐப் பத்திப் பேசுறேன். எம்சிம்ல 6 முதல் 15 வரை பாசிட்டிவ். 19ம் அதுக்கு மேலயும் நெகட்டிவ். 16 முதல் 18 வரை முடிவு சொல்ல முடியாது. அந்த 16-18 ஸோனுக்குள்ள ஊசிமுனை மாதிரி காலனிகள் இருந்தா மட்டும் பாசிட்டிவ்னு எடுக்கணும். அதனால 17ம் 21ம் ஒரே ஐசோலேட்ல வந்ததுன்னா நான் கிருமியைச் சந்தேகப்பட மாட்டேன், செய்முறையைத்தான் சந்தேகப்படுவேன்.

செய்முறையை ஒரு தடவை வரிசையா எழுதிடறேன், எங்க வழுக்கும்னும் சேர்த்து.

2 மி.லி. டிரிப்டிகேஸ் சோய் ப்ராத். பிளட் அகார்ல ராத்திரி வளர்ந்த காலனியிலேர்ந்து 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய. சூடோமோனாஸ்னா 10 மைக்ரோலிட்டர் லூப். இங்கதான் முதல் தப்பு: 1 மைக்ரோலிட்டர் லூப் தீர்ந்துபோச்சுன்னு ஊசியால தொட்டு வைக்கிறது. கிருமி குறைஞ்சா என்சைம் குறையும், ஆக்ஸா மாதிரி மந்தமான என்சைம் தப்பிச்சிடும். வோர்டெக்ஸ் 10-15 விநாடி. 10 மைக்ரோகிராம் மீரோபெனம் டிஸ்க் முழுக்க மூழ்கணும், குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. 35 டிகிரியில 4 மணி நேரம், கூடக் குறைய 15 நிமிஷம். ஈசிமுக்கு அதே மாதிரி இன்னொரு குழாய், அதுல 0.5 மோலார் ஈடிடிஏ 20 மைக்ரோலிட்டர் கூடுதல். ரெண்டு குழாயும் ஒரே நேரத்துல உள்ள போய் ஒரே நேரத்துல வெளிய வரணும்.

4 மணி நேரம் முடியற சமயத்துல ஏடிசிசி 25922ங்கிற தரக்கட்டுப்பாட்டு ஈ.கோலையை 0.5 மெக்ஃபார்லாண்ட் பண்ணி பிளேட்ல பூசணும். கரைசல் பண்ணி 15 நிமிஷத்துக்குள்ள பூசிடணும். காலையிலேயே கரைச்சு வெச்சுட்டு மதியம் பூசினா, வெயில்ல அது பெருகி லான் (பிளேட்ல பரவின கிருமிப் படலம்) தடிச்சு, ஸோன் சுருங்கும். 10 மைக்ரோலிட்டர் லூப்பால டிஸ்க்கை எடுக்கும்போது குழாய் விளிம்புல இழுத்து ஈரத்தை வடிச்சுட்டு வைக்கணும். சொட்டச் சொட்ட வெச்சா, டிஸ்க்ல இருக்கிற கிருமி பிளேட்ல வழிஞ்சு, டிஸ்க்கைச் சுத்தி ஒரு வளையம் வளரும். அதை ரெசிஸ்டன்ட்னு படிச்சிடுவாங்க. 18-24 மணி நேரம் கழிச்சு அளக்கணும்.

நெகட்டிவா இருக்க வேண்டிய ஐசோலேட் 17க்கு இறங்கினா ரெண்டு காரணம் முக்கியம். ஒண்ணு, அகார் தடிமன். 4 மி.மீ. இருக்கணும், 100 மி.மீ. பிளேட்னா 25-30 மி.லி. கைக்கணக்கா ஊத்தினா 6 மி.மீ. ஆயிடும், மருந்து கீழயும் பரவிப்போய் ஸோன் சுருங்கும். ரெண்டாவது, மீரோபெனம் டிஸ்க்கோட வீரியம். இதை நெகட்டிவ் கண்ட்ரோல் காட்டிக்குடுக்கும். ஏடிசிசி பிஏஏ-1706 வெச்சீங்களா? என்டிஎம் பாசிட்டிவுக்கு பிஏஏ-2146, கேபிசிக்கு பிஏஏ-1705. கண்ட்ரோல் இல்லாம எம்சிம் போடறது வீண்.

#4 காட்பாடி_பிளேட்

நன்றி சார். பிஏஏ-1706 வைத்தேன், 20 வந்தது. சும்மா டிஸ்க் டிஃபியூஷனில் 25922க்கு மீரோபெனம் 27.

#5 சத்துவாச்சாரி_லேப்

அதுதான் விஷயம். 25922க்கு மீரோபெனம் 28லேர்ந்து 35 வரைக்கும் வரணும். 27ன்னா அந்த வயல் போச்சு. ஒரே ஒரு மி.மீ.தானேன்னு விடாதீங்க, அந்த டிஸ்க் வெச்சுப் போட்ட எந்த ரிசல்ட்டையும் அனுப்பக் கூடாது. அகார் தடிமனும் காரணமா இருக்கலாம். பிரிக்கணும்னா அதே பிளேட்ல வேற குடும்பத்து டிஸ்க் ஒண்ணு, ஜென்டாமைசின் மாதிரி, வெச்சுப் பாருங்க. ஜென்டாமைசின் ரேஞ்சுக்குள்ள, மீரோபெனம் மட்டும் வெளியன்னா டிஸ்க்தான். ரெண்டுமே சின்னதுன்னா அகார் இல்லன்னா லான்.

பீட்டா-லாக்டம் டிஸ்க்குக்கு ஈரமும் சூடும் ஆகாது. அதுலயும் இமிபெனமும் கிளாவுலனேட் கூட்டு டிஸ்க்கும் ரொம்ப நோஞ்சான். நாள்பட வைக்கிறதை மைனஸ் 20ல வைங்க, அந்த வாரம் எடுக்கறதை மட்டும் 2-8 டிகிரியில. மே மாசம் நம்ம ஊர்ல ரூம் டெம்பரேச்சர்னு ஒண்ணு கிடையாது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கேட்ரிட்ஜை 1-2 மணி நேரம் மூடினபடியே வெளிய வெச்சுட்டு அப்புறம் திறக்கணும். உடனே திறந்தா காத்துல இருக்கிற ஈரம் டிஸ்க் மேல பனி மாதிரி இறங்கும், அங்கேயே லாக்டம் வளையம் உடைய ஆரம்பிச்சிடும். டிஸ்பென்சர்ல சிலிகா ஜெல் நிறம் மாறிடுச்சான்னு பாருங்க. கரண்ட் போற நேரத்துக்கு டீப் ஃப்ரீசருக்கு ஒரு தெர்மாமீட்டர், எழுதி வைக்க ஒரு நோட்டு.

#6 வாலாஜா_பார்மா

லேப் ஆளுங்க டிஸ்க்குக்கு இவ்ளோ பாக்கறீங்க, வீட்டுல குழந்தைக்குக் கலக்கிற அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப்புக்கு எவன் பாக்கறான்? தண்ணி ஊத்தின நிமிஷத்துலேர்ந்து கிளாவுலனேட் சிதைய ஆரம்பிக்குது. கலந்தப்புறம் ஃப்ரிட்ஜ், 7 நாள், அப்புறம் கொட்டிடணும். ஜன்னல் மேல வெச்சுட்டு மூணாம் நாள் ஜுரம் விடலன்னு ‘மருந்து கேக்கல’ன்னு வந்து நிப்பாங்கோ. அமாக்ஸிசிலின் பாக்கி இருக்கும், அதைக் காப்பாத்த வேண்டிய கிளாவுலனேட்தான் இருக்காது.

இன்னொண்ணு கேக்கறேன். ரிப்போர்ட்ல ஈஎஸ்பிஎல்னு போட்டுட்டு கீழயே பிப்பராசிலின்-டாஸோபாக்டம் ‘எஸ்’னு (மருந்து கேக்கும்னு) வருது. குடுக்கலாமா கூடாதா?

#7 குடியாத்தம்_எம்டி

ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த ‘எஸ்’ஸை நம்பி நான் கொடுப்பதில்லை. 2018ல் வந்த மெரினோ ஆய்வு இதற்கென்றே நடந்தது: செஃப்ட்ரியாக்ஸோனுக்கு ரெசிஸ்டன்ட்டான ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத் தொற்றில் பிப்பராசிலின்-டாஸோபாக்டமையும் மீரோபெனமையும் ஒப்பிட்டார்கள். 30 நாளில் இறப்பு 12.3 சதவீதம், மீரோபெனம் பக்கம் 3.7 சதவீதம்.

காரணம் இரண்டு. டிஸ்க்குக்குக் கீழே இருக்கும் கிருமியின் அடர்த்தி வேறு, சீழில் இருப்பது வேறு. கிருமி பெருகப் பெருக என்சைமும் பெருகும், டாஸோபாக்டம் தீர்ந்துவிடும். மற்றது ஆக்ஸா-1. சிடிஎக்ஸ்-எம்-15 இருக்கும் பிளாஸ்மிடில் (கிருமிக்குக் கிருமி தாவும் டிஎன்ஏ வளையத்தில்) அதுவும் அடிக்கடி கூட வரும், டாஸோபாக்டமுக்கு அவ்வளவாக அடங்காது. மெரினோ ஸ்ட்ரெயின்களைப் பிறகு துல்லியமாக அளந்தபோது சிலவற்றின் எம்ஐசி (கிருமி வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்து அளவு) நினைத்ததைவிட அதிகம் என்றும் தெரிந்தது. 2022ல் சிஎல்எஸ்ஐ எல்லையை இறக்கியது: 8 வரை எஸ், 16 டோஸைப் பொறுத்து, 32லிருந்து ஆர் (ரெசிஸ்டன்ட்). பழைய எல்லையில் ஓடும் மெஷின்கள் இன்னும் பல லேப்களில் இருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட் எந்த ஆண்டு அட்டவணைப்படி என்று கேளுங்கள்.

சாதாரணச் சிறுநீர்த் தொற்று, ஆள் தெம்பாக இருக்கிறார் என்றால் கதை வேறு.

இதே இடத்தில் சென்னைக்காரர்கள் வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். டாஸோபாக்டமில் ஒரு மெத்தில் சேர்த்து என்மெட்டாஸோபாக்டம் ஆக்கியது ஆர்கிட் நிறுவனம். இந்தியாவில் கண்டுபிடித்து அமெரிக்க எஃப்டிஏ வரை போய் 2024ல் அனுமதி வாங்கியது. செஃபிபைம் 2 கிராம், இது 0.5 கிராம், 8 மணிக்கொருமுறை 2 மணி நேரம் ஏற்றுவது. கடினமான சிறுநீர்த் தொற்றில் பிப்பராசிலின்-டாஸோபாக்டமோடு ஒப்பிட்ட ஆய்வில் 79.1க்கு 58.9 சதவீதம் என்று முன்னால் நின்றது. ஈஎஸ்பிஎல்லுக்கு மீரோபெனமை மிச்சம் பிடிக்க இது உதவும். ஆனால் என்டிஎம்மிடம் பலிக்காது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

#8 சேர்க்காடு_எம்எஸ்சி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இந்த ‘எஸ்’, ‘ஆர்’ எல்லாம் என்சைமை வைத்தே பேசுகிறீர்கள். எம்ஆர்எஸ்ஏவுக்கு (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்) ஏன் கிளாவுலனேட் உதவாது? அதுவும் பீட்டா-லாக்டம் ரெசிஸ்டன்ஸ்தானே?

#9 ஜவ்வாது

தம்பி, நல்ல கேள்வி, ஆ-வுக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பீட்டா-லாக்டம் என்ன செய்கிறது? செல்சுவரின் பெப்டைட் நுனியில் டி-அலனைன், டி-அலனைன் என்று இரண்டு வரும். சுவரைப் பின்னும் புரதங்கள், அதாவது பெனிசிலினைப் பிடிக்கும் புரதங்கள் (பிபிபி), அந்த நுனியைப் பிடித்துக் கோக்கும். பென்சிலினின் நான்கு அணு வளையம் அந்த நுனியின் சாயலில் இருப்பதால், புரதத்தின் செரின் அதைத் தாக்கி, வளையம் உடைந்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒற்றுமையை 1965லேயே டிப்பரும் ஸ்ட்ராமிங்கரும் சொன்னார்கள்.

கிருமி தப்பிக்க வழிகள்: மருந்தை உடைப்பது, உள்ளே விடாமல் இருப்பது, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது, பிடிக்கும் புரதத்தையே மாற்றிக்கொள்வது. எம்ஆர்எஸ்ஏ செய்வது கடைசி வழி. மெக்-ஏ ஜீன் பிபிபி-2ஏ என்ற புதுப் புரதத்தைக் கொடுக்கிறது, அதில் பெரும்பாலான பீட்டா-லாக்டம் ஒட்டாது. ரெசிஸ்டன்ஸே உடைக்கும் என்சைமால் வராத இடத்தில் என்சைம் தடுப்பானுக்கு என்ன வேலை? ஆக்ஸசிலின் டிஸ்க்குக்குப் பதில் செஃபாக்ஸிடின் 30 மைக்ரோகிராம் வைத்து 21 அல்லது கீழே என்றால் எம்ஆர்எஸ்ஏ என்று படிப்பதும் மெக்-ஏயைச் செஃபாக்ஸிடின் நன்றாகத் தூண்டிக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான்.

இப்போது ஆ. அஸ்ட்ரியோனமை என்டிஎம் உடைக்காது. ஆனால் அதே கிருமியிலுள்ள சிடிஎக்ஸ்-எம், ஆம்ப்-சி உடைக்கும். அவிபாக்டம் அவற்றை அடைத்தால் அஸ்ட்ரியோனம் தப்பிப் பிழைத்து பிபிபி-3ஐப் பிடிக்கும். இந்தக் கணக்கில்தான் செஃப்டாசிடைம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனமையும் சேர்த்துக் கொடுக்கிறோம். கிளெப்சியெல்லாவில் இது பெரும்பாலும் வேலை செய்யும். ஈ.கோலையில் ஒரு சிக்கல்: பிபிபி-3இல் 333ஆம் இடத்தை ஒட்டி நான்கு அமினோ அமிலம் கூடுதலாக நுழைந்திருக்கும் வகைகள் உண்டு. டைரோசின்-ஆர்ஜினைன்-ஐசோலூசின்-அஸ்பராஜின், அல்லது கடைசியில் லைசின். அந்தச் செருகல் அஸ்ட்ரியோனம் பிடிக்கும் பள்ளத்தை மாற்றிவிடுகிறது. இந்திய என்டிஎம் ஈ.கோலையில் இது நிறையவே காணப்படுகிறது. அதோடு சிஎம்ஒய்-42 என்ற ஆம்ப்-சியும் சேர்ந்தால் அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் எம்ஐசி இன்னும் ஏறும்.

டிஸ்க்கை அருகருகே வைத்துப் பார்ப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள், இடைவெளியைப் பொறுத்து மாறும். ப்ராத்தில் டிஸ்க் கரைக்கும் முறை சிஎல்எஸ்ஐயில் இருக்கிறது. 2 மி.லி. கேஷன் சரிசெய்த முல்லர்-ஹின்டன் ப்ராத், நான்கு குழாய்: வெறும் குழாய், அஸ்ட்ரியோனம் 30 டிஸ்க் ஒன்று, செஃப்டாசிடைம்-அவிபாக்டம் 30/20 டிஸ்க் ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒன்று. அரை மணி நேரம் கரையவிட்டு, 0.5 மெக்ஃபார்லாண்டிலிருந்து 10 மைக்ரோலிட்டர். இரவு முழுக்க 35 டிகிரி. கடைசிக் குழாய் தெளிவாக இருந்தால் சேர்க்கை வேலை செய்கிறது, கலங்கினால் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 30 மைக்ரோகிராம் 2 மி.லி.யில் கரைந்தால் அஸ்ட்ரியோனம் மி.லி.க்கு 15 மைக்ரோகிராம். அஸ்ட்ரியோனம்-அவிபாக்டமுக்கு ‘எஸ்’ எல்லையோ 4. ஆக எம்ஐசி 8 உள்ள, அந்தச் செருகல் இருக்கிற ஈ.கோலை இந்தக் குழாயில் வளராமல் போகலாம். ஈ.கோலையில் தெளிவான குழாயைக் கண்டு பெரிதாக மகிழ வேண்டாம் என்பது என் கருத்து. கலங்கினால் மட்டும் சந்தேகமே இல்லை.

#10 குடியாத்தம்_எம்டி

ஜவ்வாது சொன்னதோடு: சேர்க்கை என்றால் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். செஃப்டாசிடைம்-அவிபாக்டம் 2.5 கிராம் 8 மணிக்கொருமுறை, அஸ்ட்ரியோனம் 2 கிராம் 6 அல்லது 8 மணிக்கொருமுறை, இரண்டும் 3 மணி நேரமாக. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் அவிபாக்டம் போன பிறகு அஸ்ட்ரியோனம் தனியாக நிற்கும்; உடைபட்டுப் போகும். கிரியாட்டினின் ஏறியவருக்கு இந்த அளவு பொருந்தாது. இது வார்டில் இருப்பவர்களுக்காக எழுதியது, யாரும் சீட்டாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம்.

#11 வாலாஜா_பார்மா

போனா மட்டும் குடுத்துடுவோமா டாக்டர்? கார்பபெனம், மூணாம் தலைமுறை செஃபலோஸ்போரின் எல்லாம் 2014 மார்ச்சுலேர்ந்து ஷெட்யூல் எச்1. சீட்டு, தனி ரிஜிஸ்டர், டாக்டர் பேரு, பேஷன்ட் பேரு, மருந்து, அளவு. 3 வருஷம் வெச்சிருக்கணும். எல்லாக் கடையிலயும் எழுதறாங்களான்னு கேக்காதீங்கோ.

மீரோபெனத்தை 3 மணி நேரம், சில இடத்துல நாள் முழுக்க ஏத்தறாங்க. வெயில்ல தாங்குமா?

#12 குடியாத்தம்_எம்டி

3 மணி நேரம் தாங்கும், நாள் முழுக்க ஒரே பையில் தாங்காது.

பீட்டா-லாக்டம் கொல்வது உச்ச அளவால் அல்ல, எம்ஐசிக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால். இடைவெளியில் கார்பபெனமுக்குச் சுமார் 40 சதவீத நேரம், பெனிசிலினுக்கு 50, செஃபலோஸ்போரினுக்கு 60-70. அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறோம். எம்ஐசி 4, 8 என்று எல்லையில் நிற்கும் கிருமிக்கு இந்த வித்தியாசம் பெரிது, 0.06 என்றால் எப்படி ஏற்றினாலும் ஒன்றுதான். 2024ல் வந்த பிளிங்-3 ஆய்வில் சுமார் 7,000 ஐசியு நோயாளிகள்: தொடர்ச்சியாக ஏற்றியவர்களில் 90 நாள் இறப்பு 24.9, விட்டு விட்டு ஏற்றியவர்களில் 26.8 சதவீதம். புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தபோது தொடர்ச்சி பக்கம் சாய்ந்தது.

மீரோபெனத்தின் மூல லேபிளில் உப்புநீரில் கலந்தால் 25 டிகிரியில் 1 மணி நேரம் என்று மட்டுமே இருக்கிறது, டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் உடனே. லேபிள் கட்டுப்பெட்டித்தனமாக எழுதப்பட்டது என்றாலும், ஏசி இல்லாத வார்டில் மே மாத வேலூர் 25 டிகிரி அல்ல. ஆகவே உப்புநீர் மட்டும். ஏற்றுவதற்குச் சற்று முன் கலப்பது. நாள் முழுக்க ஓட்டினால் 6-8 மணிக்கு ஒரு பை மாற்றுவது. பை ஜன்னல் வெயிலில் தொங்கக் கூடாது. பிப்பராசிலின்-டாஸோபாக்டம் இந்த விஷயத்தில் கெட்டி, 24 மணி நேரம் நிற்கும்.

#13 அகழி

இ-யை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மூன்றில் பிடித்தது அதுதான்.

என்டிரோபாக்டர் குளோயேக்கேயின் குரோமோசோமிலேயே ஆம்ப்-சி உண்டு, சாதாரணமாக அடங்கியிருக்கும். செல்சுவரைப் புதுப்பிக்கும்போது உதிரும் துண்டுகள், 1,6-அன்ஹைட்ரோ மியூரோபெப்டைடுகள், செல்லுக்குள் திரும்பி வரும். ஆம்ப்-டி என்ற என்சைம் அவற்றை வெட்டிச் சுத்தம் செய்யும். பீட்டா-லாக்டம் சுவரைத் தாக்கினால் துண்டுகள் குவியும், ஆம்ப்-டி சமாளிக்காது, மிஞ்சிய துண்டுகள் ஆம்ப்-ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தில் போய் உட்காரும், ஆம்ப்-சி உற்பத்தி ஏறும். அடிபடுவதைச் சுவரின் இடிபாட்டை எண்ணியே கிருமி தெரிந்துகொள்கிறது. செஃபாக்ஸிடினும் இமிபெனமும் இதை பலமாகத் தூண்டும். செஃப்ட்ரியாக்ஸோன் பெரிதாகத் தூண்டாது. வேறு விதத்தில் கெடுக்கும். ஆம்ப்-டி உடைந்த திரிபு ஒன்று கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும். அதில் ஆம்ப்-சி எப்போதும் ஓடும். மற்றவை செத்து அது மட்டும் மிஞ்சும். முதல் ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்ஸோன் ‘எஸ்’, நாலைந்து நாள் கழித்து ‘ஆர்’ என்று வருவது இதனால். முதல் லேப் தப்பாகச் சொன்னது என்று சண்டைக்குப் போகக் கூடாது.

உங்கள் இ ஏற்கெனவே அந்தத் திரிபு. மீரோபெனம் 21 எல்லையில், எர்டாபெனம் 17 கீழே, எம்சிம் சரியான டிஸ்க்கில் நெகட்டிவ் என்றால்: ஆம்ப்-சி மிகையாக, கூடவே போரின் (வெளிச்சவ்வில் மருந்து நுழையும் புரதம்) வாசல் குறைவு. ஆம்ப்-சி கார்பபெனத்தை மிக மெதுவாகத்தான் உடைக்கும், உள்ளே வருவதே குறைந்தால் அந்த மெதுவும் போதும். எர்டாபெனம் முதலில் விழுவது இதன் அடையாளம். கார்பபெனமேஸ் என்று எழுதாதீர்கள். தொற்றுக் கட்டுப்பாட்டில் இரண்டுக்கும் நடவடிக்கை வேறு, ஏனென்றால் போரின் இழப்பு பிளாஸ்மிடில் ஏறிப் பக்கத்துப் படுக்கைக்குப் போகாது. ஈஎஸ்பிஎல் இருக்கிறதா என்று பார்க்கச் செஃபோடாக்ஸைம் இங்கே உதவாது, ஆம்ப்-சி மறைத்துவிடும். செஃபிபைமும் செஃபிபைம்-கிளாவுலனேட்டும் வையுங்கள்.

#14 சேர்க்காடு_எம்எஸ்சி

பிளாஸ்மிட் என்றதும் என் புராஜெக்ட் கேள்வி. பாலாற்றில் தண்ணீர் எடுத்து ஈஎஸ்பிஎல் ஈ.கோலை எண்ணலாம் என்று இருக்கிறேன். கைடு ‘ஆம்பிசிலின் பிளேட் போதும்’ என்கிறார்.

#15 ஜவ்வாது

போதாது. ஆம்பிசிலினுக்கு ரெசிஸ்டன்ட் என்றால் பழைய டெம்-1 என்சைமாகவும் இருக்கும், குரோமோசோமில் ஆம்பிசிலினேஸ் உள்ள கிளெப்சியெல்லா எல்லாமே வளரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் டிரைசைக்கிள் நெறிமுறையைப் பின்பற்றுங்கள்: டிபிஎக்ஸ் அகார் (ஈ.கோலை நீல-பச்சையாகத் தெரியும் ஊடகம்) இரண்டு வகை, ஒன்று வெறும், மற்றது லிட்டருக்கு 4 மி.கி. செஃபோடாக்ஸைம் சேர்த்தது. ஒரே சாம்பிளை இரண்டிலும் போட்டு இரண்டையும் எண்ண வேண்டும். மொத்த ஈ.கோலையில் எத்தனை பங்கு என்ற விகிதமே பதில். வெறும் எண்ணிக்கை, மழை பெய்தால் நீர்த்துப் போகும், பெய்யாவிட்டால் ஏறும். செஃபோடாக்ஸைமை அகார் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மருந்தே இருக்காது. ஒவ்வொரு பேட்சிலும் செஃபோடாக்ஸைம் பிளேட்டில் 25922 வளரக் கூடாது, ஒரு ஈஎஸ்பிஎல் ஸ்ட்ரெயின் வளர வேண்டும். வளர்ந்த நீல-பச்சைக் காலனியில் சிலவற்றை இண்டோல் பார்த்து, கிளாவுலனேட் டிஸ்க்கால் உறுதி செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, வருடத்தில் பெரும்பகுதி பாலாறு மணல்தான். நீங்கள் எடுப்பது ஆற்றுத் தண்ணீராக இருக்காது, அதில் விழும் சாக்கடையாக இருக்கும். அப்படியே எழுதிவிடுங்கள், வெட்கமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கழிவு விழும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்து ‘குரோமியத்தால்தான் ரெசிஸ்டன்ஸ்’ என்று முடித்துவிடாதீர்கள். கீழே எடுத்த இடத்தில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்திருக்கும்; எது எதனால் என்று அந்த வடிவமைப்பால் பிரிக்க முடியாது.

#16 ராணிப்பேட்டை_கெமி

எல்லாம் மனிதன் மருந்தை இஷ்டத்துக்குத் தின்றதால் வந்தது. அஞ்சு வருடம் நிறுத்தினால் தானாகப் போய்விடும் என்று படித்தேன்.

#17 அகழி

பென்சிலினேஸைப் பற்றி ஏப்ரகாமும் செயினும் எழுதியது 1940. அப்போது பென்சிலின் மருந்தாகக் கடைக்கே வரவில்லை. என்சைம் பழையது, நாம் செய்தது அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. நிறுத்தினால் குறையும், போகாது. என்டிஎம் இருக்கும் பிளாஸ்மிடில் அமினோகிளைகோசைடு, ஃப்ளூரோகுயினோலோன் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்தே பயணிக்கும். மீரோபெனத்தை நிறுத்தினாலும் அமிகாசின் கொடுத்தால் அதே பிளாஸ்மிட் தங்கும். போதாக்குறைக்கு, பிளாஸ்மிடை இழக்கும் செல்லைக் கொல்லும் விஷம்-விஷமுறிவு ஜோடி ஜீன்களும் பலவற்றில் உண்டு.

#18 காட்பாடி_பிளேட்

புது வயல் மீரோபெனம், 25922க்கு 31. பிஏஏ-1706 எம்சிமில் 25.

அ: தனிக் காலனிகள் ஐந்தும் ஒரே மாதிரி. செஃப்டாசிடைம்-அவிபாக்டம் 6. பக்கத்து லேபில் கார்பா-5 (கார்பபெனம் உடைக்கும் என்சைம்களைக் காட்டும்) பட்டை ஓட்டித் தந்தார்கள், 15 நிமிடத்தில் என்டிஎம் கோடும் ஆக்ஸா-48 கோடும். அகழி சார் சொன்னதே.

ஆ: நான்காவது குழாயும் கலங்கியது. பிபிபி-3ஐத் தரும் எஃப்டிஎஸ்-ஐ ஜீன் சீக்வென்ஸுக்கு அனுப்பப் போகிறேன்.

இ: எம்சிம் 24, நெகட்டிவ். செஃபிபைம்-கிளாவுலனேட் வித்தியாசம் 1 மி.மீ.

அனுப்பும் வரை ஆ-வை எப்படி வைத்திருப்பது? நியூட்ரியன்ட் அகார் ஸ்லாண்ட் போதுமா?

#19 சத்துவாச்சாரி_லேப்

ஸ்லாண்ட் வேணாம். மருந்து இல்லாத அகார்ல திரும்பத் திரும்ப சப்கல்ச்சர் பண்ணா பிளாஸ்மிட் கழண்டு போகும். பிபிபி-3 குரோமோசோம்ல இருக்கு, அது போகாது; என்டிஎம் போயிடும், அப்புறம் ரெண்டும் ஒரே கிருமியில இருந்ததுன்னு நிரூபிக்க முடியாது. மீரோபெனம் டிஸ்க் வெச்ச பிளேட்ல டிஸ்க்கை ஒட்டி வளர்ந்ததுலேர்ந்து எடுத்து, 20 சதவீதம் கிளிசரால் போட்ட ப்ராத்ல, மைனஸ் 80. நாலு வயலா போடுங்க, ஒண்ணை உருக்கினா திரும்ப உறைய வைக்காதீங்க. மைனஸ் 20 ஃப்ரீசர்தான் இருக்குன்னா, தானா பனி உருக்கற மாடலா இல்லையான்னு பாருங்க. உருக்கற மாடல்னா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சாகும். அனுப்பும்போது மூணடுக்கு பேக்கிங், லேபிள்ல மீரோபெனம் ரெசிஸ்டன்ட்னு எழுதி, அங்க ஆள் இருக்கிற நாளாப் பார்த்து திங்கக்கிழமை அனுப்புங்க. வெள்ளிக்கிழமை போட்டா கூரியர் குடோன்ல ரெண்டு நாள் வெந்துடும்.